பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

ஊராட்சி நிர்வாகம் குறித்து இம்முறை வந்த கடிதங்களில், ஒரே ஆள் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பொறுப்புகளை வகிப்பதைப் பற்றிய கேள்விகளே அதிகம். ஆகவே இப்பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது. வட்டார வளர்ச்சி அலுவலராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் விடையளிக்கிறார். கடிதங்களில் இருந்த ஆட்களின் பெயர்களையும் ஊராட்சிகளின் பெயர்களையும் நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் மன்றக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவரும் தலைவர்தான், தீர்மானித்த வேலையை நடத்துபவரும் அவர்தான், பணம் கொடுப்பவரும் அவர்தான். பக்கத்து நகராட்சியிலோ மன்றத் தலைவர் ஒருவர், ஆணையர் வேறொருவர். கிராமத்துக்கு மட்டும் ஏன் இப்படி? (வாசகர், பட்டுக்கோட்டை வட்டம்)

நீங்கள் சுட்டும் வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததன்று. நகராட்சியில் மன்றம் முடிவெடுக்கிறது, ஆணையர் நிறைவேற்றுகிறார். பேரூராட்சியில் ஆணையரின் இடத்தில் செயல் அலுவலர் இருக்கிறார். ஊராட்சி ஒன்றியத்தில் ஒன்றியக் குழுத் தலைவர் கூட்டத்தை நடத்த, வட்டார ஊராட்சிக்கான வட்டார வளர்ச்சி அலுவலர் கோப்புகளை நடத்துகிறார். கிராம ஊராட்சியில் மட்டும்தான், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவர் மன்றத்தின் தலைமையையும் நிர்வாக அதிகாரத்தையும் ஒருசேரப் பெறுகிறார். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இதைப் புதிதாகக் கொண்டுவரவில்லை. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்திலேயே இந்த வழக்கம் இருந்தது.

ஒருவர் கையில் பல பொறுப்புகள் சேர்வது நம் உள்ளாட்சிக்குப் பிறவியிலேயே வந்தது. உள்ளாட்சி அமைப்புகளுக்கு இயன்றவரை அரசு ஊழியர் அல்லாதவர்களே தலைமை வகிக்க வேண்டும் என்று ரிப்பன் பிரபு 1882இல் தீர்மானம் வெளியிட்டார். ஆனால் அதற்குப் பின் 1884இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டத்தின்படி, மாவட்டப் போர்டின் தலைவர் நாற்காலியில் மாவட்ட ஆட்சியரே அமர்ந்தார். வரி வசூலிப்பவர், குற்றவியல் நடுவர், போர்டின் தலைவர் ஆகிய மூன்று பேரும் ஒரே வெள்ளைக்காரர். அதை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது.

இன்றைய ஊராட்சிக்கு வருவோம். ஒரு தெருவுக்கு சிமென்ட் சாலை போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மன்றம் தீர்மானம் போடுகிறது. ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். தொகையைப் பொறுத்து உரிய அதிகாரி நிர்வாக அனுமதி தருகிறார். வேலை நடக்கிறது. ஓவர்சியர் அளந்து, ஒன்றிய அலுவலகங்களில் எம்.புக் என்று சொல்லப்படும் அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். அந்த அளவின்படி பட்டியல் தயாராகி, பணம் கொடுக்கப்படுகிறது. இவற்றில் தீர்மானம், வேலை, பணம் ஆகிய மூன்றிலும் தலைவர் இருக்கிறார். மதிப்பீட்டிலும் அளவிலும் அவர் இல்லை. ஆகவே கிராம ஊராட்சியில் மெய்யான பிரிவினை ஒன்று இருக்கிறதென்றால், அது அந்த அளவுப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அளப்பவர் தலைவருக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பதே அதன் பொருள்.

அந்தப் பிரிவினை எப்படிக் கரைகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். பணிக்காலத்தில் ஒரு ஊராட்சியில் புதிதாகப் போட்ட சாலையின் ஓரத்தைக் கடப்பாரையால் உடைத்து டேப் வைத்துப் பார்த்தோம். புத்தகத்தில் கனம் 15 சென்டிமீட்டர் என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது. டேப் 10 சென்டிமீட்டரைத் தொடவில்லை. விசாரித்ததில், அளவு எழுதப்பட்ட நாளில் அந்த ஓவர்சியர் ஊருக்கே வரவில்லை என்பதும், வேலையை நடத்தியவர்கள் சொன்ன அளவையே அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார் என்பதும் தெரிந்தது. சட்டப்படி அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். நடந்த வேலையில் ஒருவர்தான் இருந்தார்.

அப்படியானால் நகராட்சியைப் போல ஊராட்சிக்கும் ஓர் அலுவலரை நியமித்து, தலைவரிடமிருந்து நிர்வாக அதிகாரத்தை எடுத்துவிடலாமே என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் 12,000க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் எழுத்து வேலைக்கு இருப்பவர் ஊராட்சி செயலர் ஒருவர் மட்டுமே. அதிகாரத்தை அலுவலருக்கு மாற்றினால், ஒன்றிய அலுவலகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோகும் ஒருவரின் கையெழுத்துக்காகக் குடிநீர் மோட்டார் பழுது காத்துக் கிடக்கும். தவிரவும், இடஒதுக்கீட்டின் வழியாகப் பட்டியல் சமூகத்தவரும் பெண்களும் இந்த நாற்காலிக்கு வந்த பிறகு அந்த நாற்காலியின் அதிகாரத்தைக் குறைப்பது, பந்தியில் இடம் கொடுத்துவிட்டு இலையை எடுத்துக்கொள்வதைப் போன்றது. தலைவர் செய்யட்டும், ஆனால் செய்ததை அளப்பவர், தணிக்கை செய்பவர், கேள்வி கேட்கும் கூட்டத்தை நடத்துபவர் ஆகிய மூவரும் அவருக்கும் அவருடைய வேலைக்கு அனுமதி தந்தவருக்கும் வெளியே இருக்கட்டும் என்பதே என் கருத்து.

கேள்வி: நான் ஒதுக்கீட்டுத் தொகுதியில் வென்ற பெண் தலைவர். செக்கில் துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்கிறார்கள். அவர் மாதக்கணக்கில் கையெழுத்திட மறுக்கிறார். தூய்மைப் பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. இரட்டைக் கையெழுத்து முறையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? (வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஆயினும் முறையை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற ஏற்பாடு, தலைவர் வாக்காளர்களால் நேரடியாகவும் துணைத் தலைவர் வார்டு உறுப்பினர்களாலும் தேர்ந்தெடுக்கப்படுவதால், இருவரும் வெவ்வேறு ஆதரவில் நிற்பவர்கள் என்ற கணக்கில் வைக்கப்பட்டது. அந்தக் கணக்கு இரண்டு விதமாகப் பொய்க்கிறது.

ஒன்று, இருவரும் கூட்டுச் சேர்ந்துவிடுவது. காசோலைக்குப் பதிலாக இணையவழிப் பணப் பரிமாற்றமும் டிஜிட்டல் கையெழுத்தும் வந்த பிறகு இது இன்னும் எளிதாகிவிட்டது. பணப் பட்டியலைப் பதிவிடுபவர் ஒருவர், அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருபவர் வேறொருவர் என்று மென்பொருள் கறாராகப் பிரித்துவைத்திருக்கிறது. ஆனால் இருவருடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களும் (கணினியில் செருகும் சிறு கருவிகள்), கடவுச்சொற்களை எழுதிய துண்டுச் சீட்டும், ஒரே மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். கணினிக்கு இரண்டு பேர், இழுப்பறைக்கு ஒருவர்.

மற்றொன்று, உங்களுக்கு நேர்ந்திருப்பது. பொதுத் தொகுதியாக இருந்தபோது தலைவராக இருந்த குடும்பம், தொகுதி ஒதுக்கீட்டுக்குப் போனதும் தன் ஆளைத் துணைத் தலைவராக அமர்த்தி, அந்தக் கையெழுத்தைக் கடிவாளமாகப் பிடித்துக்கொள்கிறது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலிலும் 1996 முதல் 2006 வரை பட்டியல் சமூகத் தலைவர் பதவியில் நிலைத்திருக்கவே முடியாமல் போனதை நாடு பார்த்தது. இப்போது அவ்வளவு வெளிப்படையாக யாரும் தடுப்பதில்லை. தேர்தல் நடக்கட்டும், செக் மட்டும் நகராமல் இருக்கட்டும் என்பது புதிய உத்தி.

காவலுக்கு வைத்த கையெழுத்து கழுத்தைப் பிடிக்கும்போது என்ன செய்வது என்பதே உங்கள் உண்மையான கேள்வி. முதலில், ஒவ்வொரு பட்டியலையும் துணைத் தலைவருக்கு எழுத்துமூலம் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சரிபார்க்கும் அதிகாரம் உடையவருக்குக் காரணம் சொல்லும் கடமையும் உண்டு. “முடியாது” என்ற ஒற்றைச் சொல் சரிபார்ப்பு ஆகாது. பிறகு அந்தத் தாள்களுடன் கிராம ஊராட்சிக்கான வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு முறையிடுங்கள். இத்தகைய முட்டுக்கட்டைகளில் துணைத் தலைவருக்குப் பதிலாக வேறொருவர் கையெழுத்திட ஆட்சியர்கள் ஆணையிட்டதுண்டு. நீங்கள் பட்டியல் சமூகத்தையோ பழங்குடியினரையோ சேர்ந்தவராக இருந்து, மிரட்டியோ வற்புறுத்தியோ உங்களைத் தலைவர் பணியைச் செய்யவிடாமல் தடுத்தால், 2016 ஜனவரி முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமுமாகும். சம்பளம் நின்ற தூய்மைப் பணியாளர்களின் கையொப்பத்துடன் ஒரு மனுவையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: தலைவரின் மைத்துனர் ஊராட்சி வேலைகளை ஒப்பந்தம் எடுக்கிறார். இது செல்லுமா? (வாசகர், அரியலூர்)

ஊராட்சியுடன் நடப்பிலுள்ள ஒப்பந்தத்தில் பங்கு உடையவர் மன்றப் பதவிக்குத் தகுதியற்றவர் என்று சட்டம் சொல்கிறது. மைத்துனர் பெயரில் தலைவரே வேலை செய்கிறார் என்று காட்ட முடிந்தால் பதவிக்கே ஆபத்து. மைத்துனர் உண்மையாகவே தன் பணத்தில், தன் பொறுப்பில் செய்கிறார் என்றால், உறவு ஒன்றை மட்டும் வைத்துத் தகுதிநீக்கம் கோருவது கடினம். ஒப்பந்தப்புள்ளி முறையாகக் கோரப்பட்டதா, வேறு யார் யார் புள்ளி கொடுத்தார்கள், அவர்கள் முகவரி என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள். மூன்று ஒப்பந்தப்புள்ளிகளும் ஒரே கையெழுத்தில் நிரப்பப்பட்டிருப்பது அபூர்வமான காட்சி அன்று.

உறவு விஷயத்தில் நம்மைவிடப் பழையவர்கள் கறாராக இருந்தார்கள். உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி, அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தார் என்று ஒரு நீண்ட உறவுப் பட்டியலையே குடவோலைக்குப் புறம்பாக்குகின்றன. மைத்துனர் அந்தப் பட்டியலில் இருக்கிறார். அது நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர்களின் சபை; எல்லாருக்குமான மக்களாட்சி என்று அதை மேடையில் புகழ்வது மிகை. ஆனால் கணக்குக் கொடுக்காதவன் வீட்டிலிருந்து அடுத்தவனை அனுப்பிவைப்பான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சிக் கணக்கைத் தணிக்கை செய்தவர் ஒன்றிய அலுவலகத்து அதிகாரியே. வேலைக்கு அனுமதி கொடுத்ததும் அதே அலுவலகம்தான். இதற்குப் பெயர் தணிக்கையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தேனி மாவட்டம்)

இந்தக் கேள்வியை என் துறை நண்பர்கள் விரும்ப மாட்டார்கள். ஊராட்சி ஒன்றியங்களின் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தணிக்கை செய்கிறது. அது வேறு துறை, வேறு மேலதிகாரி. கிராம ஊராட்சிகளுக்கோ, நெடுங்காலமாக, தணிக்கைக்கென்று அமர்த்தப்பட்ட துணை வட்டார வளர்ச்சி அலுவலரே முதல்நிலைத் தணிக்கையாளர். நிதித் தணிக்கைத் துறை ஒரு பகுதி ஊராட்சிகளை மட்டும் மாதிரியாக எடுத்துப் பார்க்கும்.

அந்தத் துணை அலுவலர் உட்காரும் நாற்காலி எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வேலைக்குப் பரிந்துரை செய்த வட்டார வளர்ச்சி அலுவலரின் அறைக்கு நாலு அடி தள்ளி. இன்று தணிக்கைப் பிரிவில் இருப்பவர் அடுத்த மாறுதலில் திட்டப் பிரிவுக்குப் போவார். அதற்கடுத்து பதவி உயர்வில் அவரே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆவார். தான் எழுதும் தணிக்கைத் தடை, அதாவது கணக்கில் கண்ட குறையைப் பற்றிய குறிப்பு, யார் மீது விழும், அந்த ஆள் நாளைக்குத் தன் மேலதிகாரியாக வருவாரா என்று யோசிக்காமல் எழுத மனிதனால் முடியாது. நானும் யோசித்திருக்கிறேன். “ரசீது இணைக்கப்படவில்லை”, “கையிருப்புப் பதிவேட்டில் பக்க எண் இல்லை”, “தீர்மான எண் குறிப்பிடப்படவில்லை” என்று பதிவேட்டைப் பற்றிய தடைகள் பக்கம் பக்கமாக வரும். தெருவிளக்குக்கு வாங்கிய பல்பு கம்பத்தில் எரிகிறதா என்ற கேள்வி வராது. ஒருவருடைய நேர்மையை நான் குறை சொல்லவில்லை. யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இதுதான் நடக்கும். ஆகவே நாற்காலியை வேறு கட்டடத்துக்கு, வேறு துறைக்கு மாற்ற வேண்டும். ஊராட்சித் தலைவரின் அதிகாரத்தைப் பறிப்பதைவிட இது மலிவானது; எந்தத் தேர்தலிலும் எவருக்கும் இதனால் வாக்குக் குறையாது. ஒருவேளை அதனால்தான் யாரும் இதைப் பேசுவதில்லையோ என்னவோ.

அரசே இந்தக் கோட்பாட்டை ஓரிடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் 2011இல் வந்த தணிக்கை விதிகள், ஊர்மக்களே வேலையையும் கணக்கையும் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையை நடத்திக்கொடுக்கும் அமைப்பு, வேலையை நடத்தும் அமைப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்றும், ஓர் ஊராட்சியில் சமூகத் தணிக்கைக்குச் செல்பவர்கள் அதே ஊராட்சியில் வசிப்பவர்களாக இருக்கக் கூடாது என்றும் விதித்தன. நூறு நாள் வேலையில் வெட்டிய வாய்க்காலுக்கு இருந்த இந்தக் காப்பு, ஊராட்சியின் பொது நிதியில் போட்ட சாலைக்கு ஏன் இல்லை என்று உங்கள் அடுத்த கடிதத்தில் துறைக்கே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: தலைவர் மீது குற்றச்சாட்டு வைப்பவரும் ஆட்சியர், விளக்கம் கேட்பவரும் ஆட்சியர், பதவிநீக்கம் செய்பவரும் ஆட்சியர். அதே ஆட்சியர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். அதிகாரிகளுக்கு இந்த நியாயம் பொருந்தாதா? (வழக்கறிஞர், கரூர்)

பொருந்தும். 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தின் பிரிவு 205இன்படி ஆட்சியர் தாமாகவோ, மன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுதிக்கொடுத்தாலோ நடவடிக்கை தொடங்கலாம். ஆனால் இடையில் ஒரு படி இருக்கிறது: வட்டாட்சியர் மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். அந்தக் கூட்டத்தை நடத்துபவர் ஆட்சியரும் அல்லர், தலைவரும் அல்லர். சட்டம் எழுதியவர்களுக்கு உறுத்தல் இருந்ததற்கு அது அடையாளம். எனினும் கடைசி முடிவு குற்றம் சாட்டியவரிடமே திரும்பி வருகிறது. நீதித்துறைப் பயிற்சி உள்ள வேறொருவரிடம் இந்த முடிவை ஒப்படைப்பதே சரி.

தேர்தலைப் பொறுத்தவரை உச்சநீதிமன்றம் 2021 மார்ச் 12 அன்று கோவா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே மாநில அரசின் சட்டத்துறைச் செயலரையே கூடுதல் பொறுப்பாக மாநிலத் தேர்தல் ஆணையராக அமர்த்தியிருந்தார்கள். காலையில் அரசுக்கு ஆலோசனை, மாலையில் அந்த அரசு சம்பந்தப்பட்ட நகராட்சித் தேர்தலுக்கு நடுவர். அரசுப் பதவியில் இருப்பவர் தேர்தல் ஆணையராக இருப்பது அரசமைப்பின் 243-கே பிரிவு எதிர்பார்க்கும் சுதந்திரத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் கூறி, அதை எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் கட்டளையாக்கியது. ஆணையர் மட்டத்தில் கதவு அடைக்கப்பட்டுவிட்டது. மாவட்டத்தில் தேர்தல் வேலைக்கு வருவாய்த் துறையையும் ஊரக வளர்ச்சித் துறையையும் விட்டால் வேறு ஆட்கள் இல்லை என்பதால், கீழே ஜன்னல்கள் திறந்தே இருக்கின்றன.

கேள்வி: கிராம சபைக்கும் தலைவரே தலைமை வகிக்கிறார். அவரைப் பற்றியே கேள்வி கேட்டால் “அடுத்த பொருளுக்குப் போவோம்” என்கிறார். என்ன செய்யலாம்? (வாசகி, சிவகங்கை மாவட்டம்)

கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும். தலைவர் அங்கே கூட்டத்தை நடத்துபவர், அவ்வளவே. இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் சபை கூடுகிறது. வரவு செலவுக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் பொருளாக வரும்போது மட்டுமாவது, ஊராட்சிப் பொறுப்பு எதிலும் இல்லாத வாக்காளர் ஒருவரைச் சபையே தேர்ந்தெடுத்து அந்தப் பொருளுக்கு மட்டும் தலைமை வகிக்கச் செய்ய விதி வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். விதி வரும்வரை, உங்கள் கேள்வியை எழுதிக் கொண்டுபோய், தீர்மானப் புத்தகத்தில் கேள்வியாகவே பதிவுசெய்யக் கேளுங்கள். மேற்பார்வைக்கு வந்திருக்கும் பற்றாளர் முன்னிலையில் கேளுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வருகைக்கென்று வாங்கிய கையெழுத்துகளுக்கு மேல் தீர்மானம் பிறகு எழுதப்படுவது ஊரறிந்த வித்தை.

கேள்வி: தலைவர் பெண், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர் கணவர். இதுவும் உங்கள் தலைப்பில் வருமா? (வாசகர், தருமபுரி)

வராது. இரண்டு பொறுப்பு ஒருவரிடம் சேர்வது முரண். ஒரு பொறுப்பும் இல்லாதவர் நாற்காலியில் உட்கார்வது ஆள்மாறாட்டம். கூட்டத்தில் அவர் பேசினால், எந்தப் பதவியில் பேசுகிறார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார். அரசியல் இல்லாததால் நிர்வாகம் சுத்தமாக இருக்கும் என்கிறார்கள். உங்கள் அனுபவம் என்ன? (வாசகர், நாமக்கல் மாவட்டம்)

ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243-இ பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல் நீதிமன்றத்தால் ரத்தானதிலிருந்து 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடக்கும்வரை, மூன்றாண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். விடுபட்ட 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. 2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

கிராம ஊராட்சிகளுக்குத் தனி அலுவலராக வருபவர் வட்டார வளர்ச்சி அலுவலர். அதாவது, நேற்றுவரை தலைவரைக் கண்காணித்தவர் இன்று தலைவர். ஒன்றிய அலுவலகங்களில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்களை வைத்து, ஒருவருக்குக் கிராம ஊராட்சிகளையும் மற்றவருக்கு வட்டார ஊராட்சியையும் கொடுத்ததே, ஒன்றியத்துக்குச் செலவு செய்பவரும் ஊராட்சியைக் கண்காணிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதற்காகவும்தான். தனி அலுவலர் காலத்தில், அந்தக் கண்காணிப்பாளரிடமே முப்பது, நாற்பது ஊராட்சிகளின் தலைவர் பதவியும் வந்து குவிகிறது. தீர்மானத்தை எழுதுபவர் அவர், அதை நிறைவேற்றுபவர் அவர், சரியாக நிறைவேற்றினாரா என்று பார்ப்பவரும் அவர். வார்டு உறுப்பினர்கள் இல்லாததால் கூட்டத்தில் எதிர்ப்புக் குரலும் இல்லை. அரசியல் இல்லை என்பது உண்மை. தண்ணீர் வராத தெருவுக்காகச் சண்டை போட ஆளில்லை என்பதும் அதே உண்மையின் மறுபக்கம்.

2017இல் நானே அந்த நாற்காலியில் இருந்தேன். ஓர் ஊராட்சியில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் மாற்ற வேண்டியிருந்தது. தொகை சற்றுப் பெரிது. கண்காணிக்கும் அலுவலரின் முன் ஒப்புதல் வேண்டும் என்று எழுத்தர் கோப்பு வைத்தார். “அனுப்புநர்: தனி அலுவலர். பெறுநர்: வட்டார வளர்ச்சி அலுவலர்.” அனுப்புநராகக் காலையில் கையெழுத்திட்டேன். கோப்பு தபால் பதிவேட்டில் ஏறி, எண் வாங்கி, பிற்பகலில் என் மேசைக்கே வந்தது. பெறுநராக நான் அதில் ஒரு குறை கண்டுபிடித்தேன்: விலைப்புள்ளி ஒன்றுதான் இணைக்கப்பட்டிருந்தது. விளக்கம் கேட்டு எனக்கே ஒரு குறிப்பாணை அனுப்பினேன். மூன்றாம் நாள் நான் அனுப்பிய விளக்கத்தை நான் ஏற்றுக்கொண்டேன். பக்கத்தில் நின்ற எழுத்தர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு கையெழுத்துக்கும் வெவ்வேறு முத்திரை குத்தினார். மோட்டார் வந்துசேர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் ஊர்ப் பெண்கள் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். அந்தக் கோப்பின் மேல் அட்டையில் “தணிக்கைத் தடை எதுவும் இல்லை” என்று பின்னாளில் எழுதப்பட்டிருந்தது.